பெருநாள் உடுப்பு: ஒரு கரையோரத்துக் கதை

2025ஆம் ஆண்டு நோன்பின் 27ஆம் இரவு. தராவீஹ் தொழுகை முடிந்து பள்ளியை விட்டு இறங்கும்போது, வரிசையில் எனக்குப் பக்கத்தில் நின்று தொழுத பெரியவர் ஒருவர் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்: “முந்தி இந்த ராவையில பள்ளி கொள்ளாது தம்பி. இப்ப பஸார்தான் கொள்ளாது.” நான் தலையாட்டினேன். தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. கல்முனை பஸாருக்குத்தான் போனேன். என் மனைவியும் மகள்மார் இருவரும் அங்கே ஒரு புடவைக்கடையில் நின்றார்கள். பைகளைத் தூக்க ஆள் தேவைப்பட்டது.

கல்முனை பிரதான வீதியை அந்த நாட்களில் பார்த்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. கடைக்குக் கடை மின்குமிழ் மாலைகள், ஒலிபெருக்கிகள், கழிவு விற்பனை, சீட்டிழுப்பில் மோட்டார் சைக்கிள். சாய்ந்தமருதிலிருந்தும் சம்மாந்துறையிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் வந்த முச்சக்கரவண்டிகள் அசைய இடமின்றி நின்றன. ஆயிரம் மாதங்களைவிடச் சிறந்த இரவு எதுவென்று தேட வேண்டிய நேரத்தில் நாம் அளவுக்குப் பொருந்தும் சல்வாரைத் தேடிக்கொண்டிருந்தோம். நானும்தான்.

“பெருநாள் யாவாரமாகிப் போச்சு; அந்தக் காலத்தில் இப்படி இல்லை” என்ற பேச்சு எமது ஊர்களில் நாளாந்தம் கேட்பது. வரலாறு படிப்பிக்கும் வாத்தியார் என்ற வகையில் எனக்கு எழும் கேள்வி வேறு: எந்தக் காலத்தில்? அந்தக் காலத்தில் சந்தை இருக்கவில்லையா? இருந்ததென்றால் மாறியது எது? இக்கட்டுரை அதைத் தேடும் ஒரு சிறு முயற்சி. பெருநாளின் எல்லாவற்றையும் எழுத எனக்கு இயலாது. உடுப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நான் பிறந்தது மருதமுனையில், ஒரு தறிகாரர் வீட்டில்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. வணக்கமும் வியாபாரமும் ஒன்றுக்கொன்று பகையாக இருந்ததாக எமது மரபில் இல்லை. ஹஜ்ஜுக் காலத்தில் வியாபாரம் செய்து பொருள் தேடுவது குற்றமாகாது என்று அல்குர்ஆனின் அல்பகரா அத்தியாயமே கூறுகிறது. எமது கரையை எடுத்துக்கொண்டால், கல்முனைக்குடி கடற்கரைப்பள்ளியின் கொடியேற்றம் இரு நூற்றாண்டுகளைத் தொட்டு நிற்கும் ஒரு விழா. நாகூரில் அடங்கியுள்ள ஷாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால், ஜமாதுல் ஆகிர் பிறையோடு 12 நாட்கள் நடக்கும். அதன் மார்க்கச் சரிபிழை பற்றிய விவாதம் இங்கு என் பொருளல்ல. ஆனால் கொடியேற்றம் என்றவுடன் எங்கள் தலைமுறைக்கு நினைவுக்கு வருபவை யாவை? கொடியும் பக்கீர் பாவாக்களின் றபான் ஓசையும் மட்டுமல்ல. முஸ்கத் கடை, வளையல் கடை, பலூன்காரர், தமிழ்ச் சனமும் முஸ்லிம் சனமும் ஒன்றாய் நெருக்கியடித்து நடந்த மணல், நார்சாப் பொட்டலம். ஆகவே விழாவோடு சந்தை வருவது புதிதல்ல. சந்தை இல்லாத ஒரு தூய பெருநாள் எமக்கு இருந்ததாக நினைப்பது, ஞாபகம் எமக்குச் செய்யும் ஏமாற்று.

அப்படியானால் உடுப்பின் கதைக்கு வருவோம்.

1970 முதல் 1977 வரை இந்நாட்டில் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. வெளிநாட்டுத் துணி வருவது அருமை. நான் பிறக்காத காலம் அது. வாப்பா சொல்லித்தான் தெரியும். மருதமுனைத் தறிகளுக்கு அது ஓயாத காலம் என்பார். நூலுக்கும் சாயத்துக்கும் வரிசையில் நிற்க வேண்டியிருந்தாலும், நெய்த சாறனும் சேலையும் தறியிலிருந்து இறங்கும் முன்னரே விலைபோயின. நோன்பு பிறந்தால் தெருவுக்குள் நாடா ஓடும் ‘டக்கு டக்கு’ சத்தம் சஹர் வரைக்கும் கேட்குமாம். ஆண்கள் தறியில் இருக்க, பெண்கள் நூல் சுற்றுவார்கள். பிள்ளைகள் தார் எடுத்துக் கொடுப்பார்கள். அதே ஆண்டுகளில் பாணுக்கும் மக்கள் வரிசையில் நின்றார்கள் என்பதையும் வாப்பா மறைக்காமல் சொல்வார். தறிக்காரருக்கு நல்ல காலமாக இருந்தது, நாட்டுக்கு நல்ல காலமாக இருக்கவில்லை.

1977 ஜூலையில் ஆட்சி மாறியது. அவ்வாண்டு நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தோடு திறந்த பொருளாதாரம் வந்தது. துறைமுகத்தில் துணிகள் இறங்கத் தொடங்கின. இயந்திரத்தில் நெய்த, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் அச்சிட்ட, துவைத்தால் சுருங்காத துணிகள், விலையும் குறைவு. கைத்தறி அதோடு போட்டியிட்டு நிற்க முடியாது என்பதைச் சொல்லப் பொருளியல் அறிஞர் தேவையில்லை. அதற்குப் பின்னர் மத்திய கிழக்குப் பயணம் தொடங்கியது. சவூதியிலிருந்தும் குவைத்திலிருந்தும் காசும் பெட்டியும் வந்தன. பெட்டிக்குள் வெளிநாட்டுத் துணி இருந்தது. பெருநாளில் ‘வெளிநாட்டுப் பீஸ்’ உடுத்தவரின் நடையே வேறாக இருந்தது.

எனக்கு நினைவு தெரிந்த 1980களின் பிற்பகுதியில் எங்கள் வீட்டுத் தறி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, தொய்வாக. முதலாளி நூலைக் கொடுப்பார், சாறனை எடுப்பார், முற்பணத்தைக் கழித்துக் கூலியைத் தருவார். கணக்கு எந்நாளும் அவர் கொப்பியில்தான் இருக்கும். பெருநாளைக்கு முந்திய இரவு வாப்பா கடைசிச் சாறன் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு போவதும், நாங்கள் வாசலில் காத்துக்கிடப்பதும் நன்றாக நினைவிருக்கிறது. அவர் கூலியோடு திரும்பி வந்த பின்தான் எங்களுக்குத் துணி. ஊருக்கெல்லாம் பெருநாள் உடுப்பு நெய்தவரின் பிள்ளைகளுக்கு உடுப்பு கடைசியில்தான் வந்தது. அதனால் ‘அந்தக் காலம்’ என்று யாராவது இனிமையாகப் பேசத் தொடங்கினால் எனக்கு வாசலில் நின்ற அந்த இரவு ஞாபகம் வரும்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வாப்பா வாங்கிவரும் துணி ஒரே துணி. ஒரு கட்டில் வெட்டிய துண்டு. அதில் எனக்கும் தம்பிக்கும் சேட், ராத்தாவுக்குக் கவுண், மிஞ்சியதில் சின்னத் தங்கச்சிக்கு ஒரு சட்டை. பக்கத்து வீட்டு ரெயிலர் மாமா விடியவிடியத் தைப்பார். பெருநாள் காலையில் நாங்கள் நால்வரும் ஒரே பூவில் தெருவில் இறங்குவோம். அந்தத் தெருவில் அப்படி ஒரே பூவில் இறங்கிய வீடுகள் பல. யார் வீட்டுப் பிள்ளை என்று உடுப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். அதில் எங்களுக்கு வெட்கம் இருக்கவில்லை, பெருமைதான் இருந்தது. அந்தத் துணிக்குக் கொடுத்த காசு எங்கே போனது என்று பார்த்தால் அதுவும் தெருவுக்குள்ளேயே சுற்றியது. தறிகாரரிடமிருந்து ரெயிலருக்கு, ரெயிலரிடமிருந்து மீன்காரருக்கு, மீன்காரரிடமிருந்து மீண்டும் சாறனுக்கு. முதலாளியின் கொப்பி அநியாயமானதுதான். ஆயினும் அவர் எங்கள் தெருவில் இருந்தார். ஜும்ஆவில் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்க முடிந்தது.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நடந்தவற்றை எமது ஊர்கள் மறக்கவில்லை. பாதைகள் மூடப்பட்டன. நூல் வருவதும் சாறன் போவதும் தடைப்பட்டன. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. வாப்பா கொஞ்சக் காலம் வட்டைக்குப் போனார். கொஞ்சக் காலம் கடலோரம் போனார். தறிச்சாலை விறகு அடுக்கும் இடமாயிற்று.

இங்கே எமது கரையின் இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிறையாண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாட்கள் குறைவு. எனவே பெருநாள் ஆண்டுதோறும் முன்னகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கிறது. 1993இல் மார்ச் மாதம் வந்த நோன்புப் பெருநாள் 2025இல் மீண்டும் மார்ச் 31இல் வந்தது. அது பெரும்போக அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் காலம். 2003, 2004, 2005 ஆகிய ஆண்டுகளில் பெருநாள் நவம்பரில் வந்தது. விதைநெல், உரம், உழவு என்று இருந்த காசெல்லாம் வயலுக்குள் கிடக்கும் மாதம் அது. முன்னைய தலைமுறை இந்தச் சுற்றோடு சேர்ந்து பெருநாளைப் பெருக்கவும் சுருக்கவும் தெரிந்திருந்தது. சூடு மிதித்த கையோடு வந்தால் புதுத்துணி. விதைப்பில் வந்தால் பெட்டியில் மடித்து வைத்த உடுப்பைத் துவைத்து, சிரட்டைக்கரி போட்ட இஸ்திரிப்பெட்டியால் அழுத்தி உடுத்தார்கள். சந்தை வேளாண்மையைப் பார்த்து நடந்தது.

அந்த நவம்பர்ப் பெருநாட்களில் ஒன்று முடிந்து ஆறு வாரத்தில், 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. இந்நாட்டில் சுனாமியால் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. 10,000 பேருக்கு மேல். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, மாளிகைக்காடு என்று கரையோரம் முழுவதும் துடைக்கப்பட்டது. எஞ்சியிருந்த தறிகளில் கணிசமானவை அன்றோடு போயின. ஒரு மாதம் நிறையும் முன்னரே, 2005 ஜனவரியில், ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. நான் அப்போது புதிதாய் நியமனம் பெற்ற வாத்தியார். பாடசாலை வகுப்பறைகளே முகாம்கள். மைதானத்தின் ஓரத்தில் லொறிகளில் வந்து கொட்டிய பழைய உடுப்புகள் குவியலாய்க் கிடந்தன. குளிர்நாட்டுக் கம்பளிச் சட்டைகளும் அதற்குள் இருந்தன. அந்தக் குவியலில் எடுத்ததை உடுத்துக்கொண்டுதான் அன்று தொழுதோம். யாருடைய உடுப்பும் யாருக்கும் அளவாக இல்லை. யாரும் யாருடைய உடுப்பையும் பார்க்கவில்லை. தக்பீர் சொல்லச் சொல்ல அழுதோம். அந்தப் பெருநாளுக்கு நிகரான ஒரு பெருநாளை நான் கண்டதில்லை. காணவும் வேண்டாம்.

அதற்குப் பின் மாற்றம் வேகமெடுத்தது. நிவாரணம், வீட்டுத்திட்டம், தொண்டு நிறுவனங்கள் எல்லாம் வந்தன. 2009இல் யுத்தம் முடிந்தது. வீதிகள் காபட் ஆயின, கொழும்பு லொறி ஒரே இரவில் வந்து சேர்ந்தது. வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் நுண்கடன்காரரும் பிரதான வீதியில் வரிசையாய்க் கதவு திறந்தார்கள். என் கணிப்பில் உண்மையான திருப்பம் இங்கேதான் நிகழ்ந்தது. கடன் கிடைக்கத் தொடங்கியதும் பெருநாளுக்கும் அறுவடைக்கும் இருந்த பழைய தொடர்பு அறுந்துவிட்டது. கையில் காசு இருக்கும் காலமா, இல்லாத காலமா என்ற கேள்வியே எழவில்லை. எந்த மாதத்தில் வந்தாலும் பெருநாள் ஒரே அளவில் வர வேண்டியதாயிற்று. வயல் கொடுக்காததை உம்மாமாரின் கழுத்துச் சங்கிலி கொடுத்தது. நோன்பு பாதியில் சங்கிலி ஈட்டுக்குப் போகும். மீட்பது அடுத்த போகத்தில், சில வேளை மீட்காமலே போகும்.

உலகில் இது எமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்காவில் நவம்பர் மாதக் கடைசி வியாழக்கிழமையை நன்றி தெரிவிக்கும் நாளாகக் கொண்டாடும் வழக்கம் இருந்தது. அந்த நாள் கழிந்த பின்புதான் நத்தார் வியாபாரம் சூடுபிடிக்கும். 1939இல் அது மாதக் கடைசி நாளில் வந்ததால் விற்பனை நாட்கள் குறையும் என்று கடைக்காரர்கள் முறையிட, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அந்த நாளையே ஒரு வாரம் முன்னுக்கு நகர்த்தினார். சில மாநிலங்கள் ஏற்க மறுத்தன. நாடு ஒரே விழாவை இரண்டு நாட்களில் கொண்டாடியது. 1941இல் சட்டம் போட்டு நாலாவது வியாழனாக நிலைப்படுத்தும் வரை குழப்பம் நீடித்தது. எமது பிறையை எந்த முதலாளியாலும் நகர்த்த முடியாது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நாளை நகர்த்த முடியாவிட்டாலும் அதற்கு முந்திய இரவுகளை எடுத்துக்கொள்ளலாம் என்பதைச் சந்தை கண்டுகொண்டது. கடைசிப் பத்து இரவுகள் இப்போது புடவைக்கடைகளின் அறுவடைக் காலம்.

அந்த இரவுகளில் சந்தை வாய்மூடி நின்ற மூன்று பெருநாட்களை நாம் அண்மையில் கண்டோம். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்கும், ஐந்து நாள் கழித்துச் சாய்ந்தமருதில் நடந்த வெடிப்புக்கும் பின் வந்த ஜூன் மாதப் பெருநாளில், பஸாருக்குப் போகப் பயம். 2020 மே 24இல் வந்தது ஊரடங்குப் பெருநாள். பள்ளியே திறக்கவில்லை, வீட்டு முன்றிலில் தொழுதோம். 2022 மே மாதப் பெருநாளில் எரிபொருள் இல்லை, மின்சாரம் இல்லை, காசும் இல்லை. மூன்று தடவையும் பழைய உடுப்பையே உடுத்தோம். பெருநாள் வராமல் போகவில்லை. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அந்தப் பெருநாட்களில் பட்டினி கிடந்தவர்களும் உண்டு. நடைபாதையில் கடை விரிப்பவர், கடையில் நாட்கூலிக்கு நிற்கும் பிள்ளைகள், வீட்டில் மெசின் வைத்துத் தைக்கும் விதவைத் தாய்மார். எனவே ‘சந்தையை மூடு’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என்னை உறுத்தும் விடயம் வேறு. அது என் கையாலேயே நடந்தது.

சில வருடங்களுக்கு முன், ஓர் அமைப்பு எங்கள் பாடசாலையின் வறிய பிள்ளைகளுக்குப் பெருநாள் உடுப்பு தருவதாகச் சொன்னது. பட்டியல் போட்டுக் கொடுத்தவன் நான்தான். இருபது பிள்ளைகள். நல்ல காரியம் என்று சந்தோசப்பட்டேன். மேடை, பதாகை, புகைப்படம் எல்லாம் நடந்தது. ஆண் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே நிறச் சேட். மொத்தமாய் எடுத்தால் மலிவுதானே. பெருநாளன்று மாலை ஆறாம் வகுப்பில் படிக்கும் ஒரு பையனைக் கடற்கரையில் கண்டேன். பழைய சேட் போட்டிருந்தான். “ஏன் மனே, புதுச் சேட் அளவில்லையா?” என்று கேட்டேன். மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “அளவுதான் சேர். ஆனா அது எல்லாருக்கும் தெரிஞ்ச சேட்டு.”

வீட்டுக்கு வந்து நெடுநேரம் பேசாமல் இருந்தேன். ஒரே துணியில் தெருவில் இறங்கிய நாங்கள் நால்வரும் நினைவுக்கு வந்தோம். எமக்குப் பெருமையாய் இருந்த அதே ஒற்றைத் துணி இவனுக்கு ஏழ்மையின் முத்திரையாகிவிட்டது. துணி மாறவில்லை. அன்று ஒரே பூ ‘இன்ன வீட்டுப் பிள்ளை’ என்றது. இன்று ‘வாங்க முடியாத வீட்டுப் பிள்ளை’ என்கிறது. பெருநாளை வாங்கும் திறனால் அளக்கப் பழகிய ஊரில், தர்மமும் அந்த அளவுகோலாலேயே பிள்ளையை அளந்துவிட்டது. அந்த அளவுகோலைப் பிடித்துக் கொடுத்தவன், வாசலில் காத்துக்கிடந்த ஒரு தறிகாரரின் மகன்.

இவ்வளவையும் தேடியபின் எனக்குப் படுவது இதுதான். பெருநாளுக்கென்று மார்க்கம் எம்மீது கடமையாக்கிய செலவு ஒன்றே ஒன்று: ஸகாத்துல் பித்ரா. தொழுகைக்குப் போகுமுன் வீட்டிலுள்ள ஒவ்வொரு தலைக்கும் ஓர் அளவு அரிசி, இல்லாதவர் வீட்டுக்கு. புத்தாடை கடமையல்ல. இருப்பதில் நல்லதை உடுப்பதே ஸுன்னத். சந்தையில் கண்ட பட்டாடையைப் பெருநாளுக்கென்று உமர் (ரழி) காட்டியபோது நபிகளார் (ஸல்) அதை ஏற்கவில்லை என்ற செய்தி ஹதீஸில் உண்டு. கடமையான செலவு அடுத்தவன் பசிக்கானது. நாம் அதை ஒரு பையில் கட்டி வாசலில் வைத்துவிட்டு, கடமையில்லாததற்குச் சங்கிலியை ஈடு வைக்கிறோம்.

இப்போது நான் பட்டியல் கொடுப்பதில்லை. எங்கள் பாடசாலை ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து, நோன்பு பத்துக்குள், காசை உறையில் போட்டு உம்மாமாரின் கையில் கொடுக்கிறோம். பிள்ளைக்குத் தெரியாது. எந்தக் கடையில், எந்த நிறத்தில் எடுப்பதென்பது அந்தத் தாயின் விருப்பம். உடுப்பு எடுக்காமல் அரிசி வாங்கினால் அதுவும் அவர் விருப்பம். இதனால் பஸார் மாறிவிடாது. எங்கள் வீட்டிலும் முழுவதாக மாறவில்லை. அந்த 27ஆம் இரவு பைகளைத் தூக்கியவன் நானே. மகள்மாரோடு ஓர் ஒப்பந்தம் மட்டும் செய்திருக்கிறேன்: இனி வாங்குவதை நோன்பு பிறக்கு முன் வாங்கிவிடுவது.

மருதமுனையில் தறிகள் முற்றாக ஓய்ந்துவிடவில்லை. இன்றும் சில தெருக்களில் அந்தச் சத்தம் கேட்கிறது. 2025 பெருநாளைக்கு வாப்பாவுக்கு அங்கேயே ஒரு சாறன் எடுத்துக்கொண்டு போனேன். விரித்து, ஓரத்தை விரலால் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “நெசவு நல்லம். கூலி குடுத்தாங்களாமா?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. விலையைத்தான் கேட்டு வாங்கியிருந்தேன்.